மேற்கே திறந்த வாசல்கள்

குழந்தை அழுகிற சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது.

நான் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பு வாசலில்தான். உள்ளே வைத்தால் புகை போக வழி கிடையாது. எனக்கு எதிரே பூங்காவனத்து வீட்டின் பின்சுவர். ஒரு மழைக்காலம் பார்த்து, அடியில் பச்சை படிந்துபோன சுவர். அதற்கும் என் அடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. பூங்காவனத்துக்குத் தாய் கிடையாது. அதனால் தலைப்பிரசவத்துக்குப் போக வீடும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்துக்கொண்டு நேரே காலனிக்கு வந்துவிட்டாள். புருஷன் ஏழுமலை கரும்பு வெட்டப் போயிருந்தான். இந்தப் பக்கத்து வீட்டார் அனந்தபுரம் சந்தைக்குப் போயிருந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டார் சிங்கவரத்துக்குக் கடலை பிடுங்கப் போயிருந்தார்கள்.

பசிக்கு அழுகிற குழந்தை நடுவில் நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று பார்க்கும். இது நிறுத்தவே இல்லை. தொண்டை கம்மிப் போய், பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

"பூங்காவனம். ஏ பூங்காவனம். புள்ள அழுவுது பாரு."

பதில் இல்லை. உள்ளங்கையால் சுவரைத் தட்டினேன். அதற்கும் இல்லை.

குழந்தை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் அதனிடம் போக வேண்டுமானால் எங்கள் வரிசையின் கோடிவரை ஓடி, சுற்றிக்கொண்டு, அவர்கள் வரிசையின் முன்பக்கமாக அவ்வளவு தூரமும் திரும்பி வரவேண்டும். வந்தாலும் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும். தனியாக இருக்கிற பெண், பகலிலும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படுப்பாள்.

என் வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர். அவருடைய பழைய கடப்பாரை ஒன்று மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து, சுவரில் ஓங்கிக் குத்தினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்தச் சுவர் எப்படி அங்கே வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் சொன்னதைப் படித்துவிட்டு, 'அம்மாவைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தாராம். வேகமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும் தம்பி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகளும் 'இதை விட்டுடட்டுமா' என்று அடிக்கடி கேட்கிறாள். விடாதே என்றுதான் சொல்கிறேன்.

கிழக்கு வாசல் கேட்ட கதை

அதற்கு முன்னால் நாங்கள் கோட்டை அகழி ஓரமாகக் குடிசை போட்டிருந்தோம். ஒரு புளியமரம், அதைச் சுற்றிக் குடிசைகள். யாரும் அளந்து போட்டதில்லை. ஒருவர் வாசல் இன்னொருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் நாற்று நடப் போனால் என் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் யார் இருக்கிறாளோ அவள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு உடம்பு முடியாமல்தான் வீட்டில் இருப்பாள். இருந்தாலும் படுத்தபடியே எல்லாப் பிள்ளையையும் அதட்டுவாள்.

எண்பதுகளில் ஒரு வருஷம், குடிசைகளை எடுக்கச் சொன்னார்கள். அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டித் தரும் என்றார்கள். செங்கல் சுவர், மேலே காங்கிரீட். மழைக்குச் சட்டி வைக்க வேண்டாம். எங்களுக்குக் கசக்குமா?

ஒரு ஆபீசர் வந்தார். மெலிந்த மனிதர். வெயில் என்றால் ஆகாது, கைக்குட்டையைத் தலைமேல் போட்டுக்கொள்வார். குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். நடுவில் தெரு. இந்தப் பக்க வீடு அந்தப் பக்க வீட்டைப் பார்க்கும். இந்தப் பக்கத்துக்குக் கிழக்கு வாசல், அந்தப் பக்கத்துக்கு, மலை இருக்கிற மேற்கில் வாசல்.

எங்களில் குப்பம்மா என்று ஒருத்தி. சண்டைக்காரி. சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் கோழியோடு சண்டை போடுவாள். அவள்தான் முதலில் எழுந்தாள்.

"யாருக்கு சார் மேக்கு வாசல்?"

"குலுக்கிப் போட்டு எடுக்கலாம்மா."

"எடுத்து எனக்கு மேக்கு வந்தா?"

"வந்தா என்ன? அதுவும் வீடுதானே?"

"பணக்காரன் வூடு மட்டும் கெழக்கப் பாத்து நிக்கணும், எங்க வூடு மலையப் பாத்துக்கினு நிக்கணுமா? குடிசைய எங்கனா பாத்துப் போட்டுக்கினோம், அது எங்க தலையெழுத்து. இது அரசாங்கம் கட்டுற வூடு. ஒழுங்கா கட்டிக் குடுங்க."

அவள் சொன்னது எங்கள் எல்லார் மனசிலும் இருந்ததுதான். காலையில் கதவைத் திறந்தால் சூரியன் கோலத்தின் மேல் விழவேண்டும். பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்கப் போய், எத்தனை வருஷம் அதைப் பார்த்து ஏங்கியிருப்போம். எல்லாருமாகப் போய் அவருடைய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டோம். எங்களோடு இருந்த துலுக்க வீட்டுப் பெண் ரமீஜாவும் வந்தாள். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த பாயின் சம்சாரம் அவள்.

"உனக்கு இன்னாடி கெழக்கு மேக்கு?" என்று குப்பம்மா கேட்டாள்.

"எனக்குக் கெழக்கு வாசல்னா மேக்கால முழுச் சுவரா இருக்கும்க்கா. அந்தச் சுவரப் பாத்துத் தொழுதுக்குவேன். யாரும் குறுக்க வரமாட்டாங்க."

ஆபீசர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "எல்லா வீட்டுக்கும் கிழக்கு வச்சா, ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கிட்டுக் கிடப்பீங்க. அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது" என்றார்.

நாங்கள் கேட்க மாட்டோம் என்று கைதட்டிச் சொன்னோம்.

அப்படித்தான் நாலு வரிசையும் கிழக்கே பார்த்து நின்றன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி. முதல் வரிசைக்காரர்களுக்கு ரோடு தெரியும். மற்ற எல்லாருக்கும், கதவைத் திறந்தால் முன்வரிசைக்காரர்களின் பின்சுவர். சூரியன் வந்து எங்கள் கோலத்தில் விழுவதற்குள் உச்சி ஏறிவிடும்.

தலைவலி மாத்திரை

முதல் மாதம் எங்கள் கால் தரையில் இல்லை. சிமெண்டுத் தரையை நாளுக்கு மூன்று தரம் துடைப்போம். என் பெரிய பெண் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு 'சில்லுனு இருக்குதும்மா' என்பாள்.

பிறகு என்னமோ ஆயிற்று. என்ன என்று உடனே சொல்லத் தெரியவில்லை.

வேலை விட்டு வருவோம், கதவைத் திறப்போம், உள்ளே போவோம், சாத்திக்கொள்வோம். எதிரே சுவர். சுவரிடம் எவ்வளவு நேரம் பேசுவது? கோழி காணாமல் போனால் முன்னெல்லாம் எல்லாருமாகத் தேடுவோம். இப்போது யார் அடித்துக் குழம்பு வைத்தாள் என்று நினைக்க ஆரம்பித்தோம். என் கோழி ஒன்று போனது. குப்பம்மாதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவள் நாலாவது வரிசை. அவள் வீட்டில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை. தெரியாததனால் அது என் கோழியாகத்தான் இருக்க வேண்டும். அவளோடு பேச்சை விட்டுவிட்டேன். கடைசியில் பார்த்தால் கீரிப்பிள்ளை.

ஒருத்திக்குத் தூக்கம் வரவில்லை. ஒருத்திக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லாருக்கும் தலைவலி. காலனி முனையில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் சொன்னார்: "குடிசையில இருந்தப்ப வெத்தலை வாங்குனீங்க. வூடு வந்ததும் மாத்திரை வாங்குறீங்க. அது இன்னா வூடோ."

மேற்கே, கோட்டை இருக்கிற ராஜகிரி மலைப் பாறை பகலெல்லாம் வாங்கின வெயிலைச் சாயங்காலம் எங்கள் பக்கம் அனுப்பும். முன்னே அந்த நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்போம். இப்போது ஆளுக்கொரு வீட்டுக்குள் வியர்த்துக்கொண்டு கிடந்தோம். வீடு நல்ல வீடுதான். அதற்குள் இருந்த நாங்கள் வாடிக்கொண்டிருந்தோம்.

பூங்காவனம் அப்படிப்பட்ட நேரத்தில் கல்யாணம் ஆகி வந்தவள். அவளுக்கு மரத்தடி தெரியாது. சுவரை மட்டும்தான் தெரியும்.

கடப்பாரை

சுவரைக் குத்தினேன் என்று சொன்னேன். முதல் குத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. இரண்டாவதற்குச் செங்கல் ஆடியது. அந்தக் கான்ட்ராக்டர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். சிமெண்டைக் கொஞ்சமாகப் போட்டு, மண்ணைத் தாராளமாகப் போட்டிருந்தார். சோளக் கொல்லை மண்கட்டி மாதிரி உதிர்ந்தது.

தலை நுழைகிற அளவு ஆனதும் எட்டிப் பார்த்தேன். பூங்காவனம் தரையில் கிடந்தாள். பல் கிட்டிப் போய், கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பு கொதிக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது. பிரசவ ஜன்னி. குழந்தை பாய்க்கு வெளியே உருண்டு, முகமெல்லாம் சுவர் மண்ணோடு கிடந்தது.

சத்தம் கேட்டு என் பின்வரிசையிலிருந்து ரமீஜா ஓடி வந்தாள். அவளும் கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"இன்னாக்கா பண்றே, கவர்மெண்ட்டு சுவரு."

"அந்தப் பக்கத்துக் கல்ல இழுடி."

இழுத்தாள். இரண்டு பேருமாக ஓட்டையைப் பெரிசாக்கினோம். நான் உள்ளே நுழைந்து குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது. கேட்கவே இல்லை, அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். நான் பூங்காவனத்தின் பல்லுக்கு நடுவே துணியைச் செருகிவிட்டு, முன்கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கடலை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. குறுக்கே நின்றேன். மூட்டைமேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். அதை நான் பூங்காவனத்திடம் பல நாள் சொல்லவில்லை.

பிழைத்து வந்தாள். வந்த அன்றைக்கே, ஏழுமலை மண் குழைத்து ஓட்டையை அடைக்க உட்கார்ந்தான். அவள் பாயில் படுத்தபடியே சொன்னாள்.

"அத அடைக்காத."

"மழை வரும்மே. பாம்பு வரும்."

"வரட்டும். அது வழியா அஞ்சலையக்கா அடுப்பு தெரியுது."

அஞ்சலை நான்தான். அன்றைக்கு அவள் இளைத்த முகத்தை அந்த ஓட்டைக்கு நேராக வைத்துக்கொண்டு, நான் சமைக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரசத்தை அந்த வழியாகவே நீட்டினேன். மறுநாள் அவள் குழந்தையை நீட்டினாள். குளிக்க வைத்து, சாம்பிராணி காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழுமலை ஓட்டையின் ஓரங்களைச் சீராக வெட்டி, குனிந்து போகிற மாதிரி செய்துவிட்டான். அவ்வளவுதான். என் வாசலுக்கு உயிர் வந்துவிட்டது.

நம்பர் எழுத வந்தவர்

ஐந்தாறு மாதம் கழித்து, வீடுகளுக்கு நம்பர் எழுத ஒரு ஆள் தார் டப்பாவோடு வந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓட்டையைப் பார்த்துவிட்டார். போய்ச் சொல்லிவிட்டார்.

ஆபீசிலிருந்து பியூன் வந்து பூங்காவனத்திடம் சொன்னான்: "கவர்மெண்ட்டு கட்டடத்த ஒடச்சிருக்கீங்க. வர்ற திங்கக்கெழமை ஆபீசர் வர்றாரு. வூட்ட எடுத்துக்குவாங்க. சாமான கட்டி வச்சுக்கோ."

அவள் உள்ளே போய்ப் பானைகளைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். ஏழுமலை மறுபடி மண் குழைத்தான். அடைத்தாலும் புது மண் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனுக்கும் தெரியும்.

"ஒடச்சது நான். நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"சொன்னா உன் வூட்டையும் எடுத்துக்குவாங்கக்கா" என்றாள் பூங்காவனம். "உனக்கு மூணு பொட்டப்புள்ள."

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டிக்கடைப் பக்கத்தில் எல்லாரும் கூடினோம். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படிக் கூடியது. ஆபீசர் காலில் விழலாம் என்றார் ஒருவர். தார் டப்பாக்காரனை உதைக்கலாம் என்றான் ஒரு பையன். குப்பம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். நானும் அவளும் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. கீரிப்பிள்ளை விஷயம் தெரிந்தபிறகும் நான் போய்ப் பேசவில்லை.

என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஒரு வூட்ல ஒடச்சா அது ஓட்டை. எல்லா வூட்லயும் ஒடச்சா அதுக்குப் பேரு வாசல். காலனியையே எடுத்துக்கினு போவட்டும், பாக்கலாம்."

பிறகு யாரோ கேட்டார்கள், "உன் வூடு கடைசி வரிசை. உனக்குப் பின்னால பாறையும் முள்ளுந்தானே. நீ யாரப் பாக்க ஒடைக்கப் போற?"

"முள்ளப் பாத்துக்கறேன். உனக்கு இன்னா?"

ரமீஜாவின் சுவர்

ஆம்பளைகள் தயங்கினார்கள். தயங்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், நிலை வைக்கும்போது செய்கிற மாதிரி மேற்குச் சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். சாமி, இது எங்கள் வாசல், மன்னித்துக்கொள் என்று கும்பிட்டுக்கொண்டு குத்தினோம். கடப்பாரை உள்ளவர்கள் கடப்பாரை, இல்லாதவர்கள் உலக்கை. என் வீட்டுக்காரர் மட்டும் வரிசை வரிசையாக ஓடி, 'மேல போவாத, மேல போவாத, குனிஞ்சு போற அளவு போதும்' என்று கத்திக்கொண்டிருந்தார். காங்கிரீட் தலையில் விழுந்துவிடும் என்று அவருக்குப் பயம். ஒரு வீட்டிலும் விழவில்லை.

ரமீஜாவின் வீட்டை விட்டுவிடலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மேற்குச் சுவர் அவள் தொழுகிற பக்கம். அங்கே வாசல் வந்தால், ஆள் குறுக்கே போகும். முழுச் சுவருக்காகத்தானே அவள் அன்றைக்கு எங்களோடு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள்.

அவள் சுவர் எதிரே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என் கையிலிருந்த கடப்பாரையைக் கேட்டாள்.

"உன்னுத விட்டுடுடி. ஒண்ணு கொறைஞ்சா இன்னா ஆவப்போவுது?"

"ஒண்ணு முழுசா நின்னுதுன்னா, அவரு அதக் காட்டித்தான் பேசுவாருக்கா. அவ மட்டும் ஒழுங்கா இருக்கா பாரு, நீங்க ஏன் இல்லேம்பாரு. பூங்காவனம் புள்ள எங்கிட்ட பால் குடிச்ச புள்ள."

நடுவில் உடைக்காமல் ஓரமாக, அடுப்பு மூலையில் உடைத்தாள். பிஸ்மில்லா என்று சொல்லிக் குத்தினாள். எங்கள் எல்லாருக்கும் ஒரு சட்டம் போட்டாள்: "முன்வாசல்ல வெள்ளைத் துணி தொங்குனா நான் தொழுவுறேன்னு அர்த்தம். எடுக்குற வரைக்கும் யாரும் வரக்கூடாது. ஆடு கோழி கூட."

குப்பம்மா சொன்னாள், "ஆட்டுக்கு நீ சொல்லு. எனக்கு நான் சொல்லிக்கிறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் கிழக்கிலிருந்து மேற்காகக் காலனி முழுக்கக் காற்று ஓடியது. வீட்டுக்குள் காற்று நடக்கிறதை அப்போதுதான் பார்த்தோம். பிள்ளைகள் முதல் வரிசையில் நுழைந்து நாலாவது வரிசையில் வெளியேறி, மறுபடி ஓடி வந்து, மறுபடி நுழைந்து, ராத்திரி சோறு தின்னக்கூட நிற்கவில்லை. பூங்காவனம் மட்டும் சாக்கை அவிழ்க்கவில்லை.

வெள்ளைத் துணி

திங்கட்கிழமை ஜீப் வந்தது. நல்ல உச்சி வெயில். அதே ஆபீசர். ஜீப்பை முதல் வரிசைக்கு எதிரே ரோட்டில் நிறுத்திவிட்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கூடவே பியூன். டிரைவர் ஜீப்பிலேயே இருந்தான்.

"உடைச்ச வீடு எது?"

"எங்க வூடுதான் சார்" என்றாள் முதல் வரிசைக்காரி ஒருத்தி.

"இவ பேச்சக் கேக்காதீங்க சார். எங்களுதுதான் மொதல்ல ஒடச்சது" என்றாள் அடுத்தவள்.

"நீ நேத்து மத்தியானந்தானே ஒடச்ச. எங்க வூட்ல காலையிலேயே முடிஞ்சிபோச்சு" என்று குப்பம்மா பாய்ந்தாள். இது நாங்கள் பேசிவைத்துக்கொண்டது இல்லை. நிஜமாகவே சண்டை பிடித்துக்கொண்டது. யார் வீட்டு ஓட்டை மூத்தது என்று கூந்தலைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள்.

ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. பூங்காவனத்து வீட்டுக்குள் நுழைந்து பார்த்தார். பின்னால் வாசல். அதன் வழியாகக் குனிந்து வெளியே வந்தார். எதிரே என் வீட்டு முன்வாசல். அதற்குள்ளும் பார்த்தார். பின்னால் இன்னொரு வாசல்.

"எத்தனை வீட்ல இப்படி?"

"எல்லா வூட்லயும் சார்" என்றேன். "வாங்க, பாத்துடுங்க."

சுற்றிக்கொண்டு போனால் வெயில். என் வீட்டுக்குள் நிழல். அவர் என் வீட்டுக்குள் வந்தார். பின்வாசல் வரை போய் நின்றுவிட்டார். எதிரே ரமீஜா வீட்டு முன்வாசலில் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பின்னால் வந்த கூட்டமும் அப்படியே நின்றது. சண்டை போட்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏன் நிக்கிறீங்க?"

"துணி தொங்குது சார். தொழுவுறா. எடுத்துடுவா, செத்த ஒக்காருங்க."

அவருக்காகக் காலனியில் யாரும் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. பியூன் துணியை விலக்கப் போனான். ஒரு சின்னப் பிள்ளை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஆபீசரே 'வேண்டாம்யா' என்றார்.

பலகை போட்டேன். மோர் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கிழக்கே பார்த்தால், என் வாசல், பூங்காவனத்துப் பின்வாசல், முன்வாசல், அதற்கப்பால் ரோட்டில் அவருடைய ஜீப், எல்லாம் ஒரே கோட்டில் தெரிந்தது. மோரைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கு வாசல் வேணும்னு என் ஆபீஸ் வாசல்ல வந்து உட்கார்ந்தது நீங்கதானே?"

"ஆமா சார். கெழக்கு வாசல் கெழக்கப் பாத்துத்தான் நிக்குது. அத யாரும் தொடல. இது எங்கள நாங்க பாத்துக்க."

"அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க. எங்களுக்குத்தான் அப்ப ஏறல."

அவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் சரிம்மா. கவர்மெண்ட் கட்டடம். முதல்ல உடைச்சது யாருன்னு நான் எழுதியாகணும்."

மறுபடி குப்பம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் பூங்காவனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். அவ்வளவு பேர் நடுவில் அவள் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்க வூடுதான் சார். நான் உள்ள நெனவில்லாம கெடந்தேன். இவன் அழுதது அக்காவுக்குக் கேட்டுச்சு. சுத்தி வர நேரமில்ல, ஒடச்சிட்டாங்க. அந்த வழி இல்லேன்னா இவனும் இல்ல, நானும் இல்ல. வூட்ட எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா வர்றவங்களுக்கு அத அடைச்சுக் குடுக்காதீங்க. அவங்களும் புள்ள பெறுவாங்க."

மோர் டம்ளரை அவர் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. குழந்தை அவர் தலையில் இருந்த கைக்குட்டையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

அப்போது துணி விலகியது. ரமீஜா தலையில் முக்காட்டோடு நின்றாள். "வாங்க சார். காக்க வச்சிட்டேன்" என்றாள்.

பூங்காவனம் குழந்தையோடு தன் வீட்டுக்குத் திரும்பினாள்; அவர் எழுந்து ரமீஜா வீட்டுக்குள் போனார். சுவர் மூலையில் உடைத்திருந்ததையும், தொழுகிற பாய் மறு மூலைக்கு நகர்ந்திருந்ததையும் பார்த்தார். குனிந்து, குப்பம்மா வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்கமாக வெளியே வந்தார். குப்பம்மா சொன்னபடியே முள்ளும் பாறையும்தான். மலை முழுசாக எதிரே நின்றது. அங்கே கொஞ்சம் நேரம் நின்றுகொண்டிருந்தார். நானும் குப்பம்மாவும் இன்னும் சிலரும் பின்னாலேயே போய் நின்றோம்.

"மேலே கல்லுப் பலகை போடணும்" என்றார் கடைசியில். "நிலை வச்சுக் கதவு போடணும். மழைக்கு முன்னாடி முடிக்கணும். இல்லேன்னா சுவர் உட்கார்ந்திடும்."

"எந்த வூட்டுக்கு சார்?" என்றேன்.

"எல்லா வீட்டுக்கும்தான்."

"பூங்காவனம் வூட்டுக்கு?"

"அந்த வீட்டுக்கும்தாம்மா. காத்துக்கு வழி இல்லேன்னு ஜனங்க கேட்டாங்க, அனுமதிச்சேன்னு எழுதிக்கறேன்."

நான் குப்பம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் பின்வாசலில் குனிந்து உள்ளே பார்த்துக் கத்தினாள்: "ரமீஜா, பூங்காவனம் வூடு பூங்காவனத்துக்குத்தானாம், சொல்லு." ரமீஜா அவள் வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள். என் வீட்டில் நின்ற என் பெரிய பெண் அதை வாங்கி முன்வரிசைக்குக் கத்தினாள். கிழக்கே போகப் போக சத்தம் சின்னதாயிற்று. பிறகு ஒரு நிமிஷம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது, வரிசைக்கு வரிசை பெரிசாகிக்கொண்டே வந்தது. ரமீஜா தலையை நீட்டினாள்.

"பூங்காவனம் சரின்னு சொல்றா சார். கதவையும் கவர்மெண்ட்டே குடுக்குமான்னு கேக்குறா."

அன்றைக்கு முதல் தரமாக அந்த மனிதர் சிரித்தார். பல் எல்லாம் தெரிகிற மாதிரி. "முதல்ல என் ஜீப்பை இந்தப் பக்கம் கொண்டு வரச் சொல்லுங்கம்மா. வெயில் தாங்கலை" என்றார்.

பியூன் அதைக் கேட்டு, வரிசையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்வதற்காக வெயிலில் ஓட ஆரம்பித்தான். குப்பம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பேருமாக வாசலில் குனிந்து, ஜீப்பை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லி ஒரே குரலில் கத்தினோம்.

அவன் இன்னும் முனையைத் திரும்பவில்லை. அந்தப் பக்கம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.